மாமாவின் ஹார்லிக்கு எந்த கேம்?

“மாத்தினா எத்தனை குதிரைத்திறன் ஏறும்?” பெரிய மோட்டார் வைத்திருப்பவர்கள் கேம் ஷாஃப்ட் மாற்ற நினைத்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. என்னைக் கேட்டால், “நான் வழக்கமாக எத்தனை சுற்றில் ஓட்டுகிறேன்?” என்பதுதான் முதலில் வர வேண்டும்.

என் மாமாவுக்கு இந்த வருஷம் பணி ஓய்வு. அவரிடம் இருப்பது 107 கன அங்குல மில்வாக்கி எய்ட் இன்ஜின் பொருத்திய ஹார்லி டூரிங் மோட்டார். ஏறத்தாழ 1,750 சிசி. மோட்டார் மட்டுமே 375 கிலோ வரும். அதன்மேல் மாமா, அத்தை, இரண்டு பக்கப் பெட்டி நிறைய துணிமணி. அத்தைக்கு முதுகுவலி உண்டு. வண்டி உதறினால் பின்னால் உட்கார மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அவர் வராவிட்டால் மாமா திட்டமிட்ட தாய்லாந்துப் பயணமும் இல்லை.

இந்த நிலையில்தான் மாமா கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். “சத்தத்தைக் கேளுடா!” சும்மா நிற்கும்போதே நொண்டி நொண்டித் துடிக்கும் சத்தம். ஒலியை வைத்துப் பிழைப்பவன் நான், எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த நொண்டல் எங்கிருந்து வருகிறது? உள்ளிழுக்கும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் காலத்தை ‘ஓவர்லாப்’ என்பார்கள். அது அதிகமானால் குறைந்த சுற்றில் இன்ஜின் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் ரசிக்கிறோம். சுங்கைப் பீசி நெரிசலில் அதையே அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

கேம் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு தண்டு. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் இது ஒரு முறை சுற்றும். மேட்டின் உயரம் வால்வு எவ்வளவு திறக்கும் என்பதையும், அகலம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதையும் முடிவு செய்கிறது. பழைய ட்வின் கேம் இன்ஜினில் இரண்டு தண்டுகள், பெயரே அதைச் சொல்லும். 2016இல் அறிமுகமான மில்வாக்கி எய்ட்டில் ஒன்றுதான்.

விற்பனைத் தாளில் பத்து எண்கள் இருந்தாலும் டூரிங் ஓட்டுநர் தேட வேண்டியது உள்ளிழுக்கும் வால்வு மூடும் கோணம். பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே திரும்பிய பிறகும் அந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். சுற்று அதிகமானால் காற்று தன் வேகத்தில் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும், அதனால் தாமதமாக மூடுவது லாபம். சுற்று குறைவாக இருந்தால் ஏறி வரும் பிஸ்டன் அந்தக் காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். 30 பாகைக்கு அருகில் மூடினால் கீழ்ச்சுற்றில் இழுக்கும் கேம். 45ஐத் தாண்டினால் மேல்சுற்றுக்கானது. பொதுவான கணக்கு இது. ஒரே வால்வு உயரத்தில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாமாவிடம் கேட்டேன்: “110இல் போகும்போது மீட்டர் எவ்வளவு காட்டும்?” ஆறாவது கியரில் 2,500, 2,600. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை மேட்டில்? அதைவிடக் குறைவு. 4,500ஐ அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா? யோசித்தார். “வாங்கின புதுசுல ஒரு தடவை.” அந்த இன்ஜின் ஏறக்குறைய 5,500 வரை போகும். காணொளியில் துடித்த கேம் தன் பலத்தைக் காட்டுவது மாமா போகாத அந்த உச்சத்தில்தான். மேட்டில் அத்தையோடு ஏறும்போது அது இப்போதிருக்கும் கேமைவிடச் சோர்வாக இழுக்கும், கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காப்சாய் வைத்திருக்கும் தம்பிகளின் கணக்கு வேறு. 150 சிசி இன்ஜின் 8,500 சுற்றில்தான் முழு சக்தி தரும் என்றால் அங்கே மேல்சுற்றுக் கேமுக்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்தப் பட்டறைப் பேச்சை அப்படியே பெரிய மோட்டாருக்குத் தூக்கி வருவதில்தான் குழப்பம்.

டைனோ வரைபடம் காட்டினால் 4,000க்கு மேலுள்ள பகுதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். டார்க் என்கிற முறுக்குவிசைக் கோடு 2,000 முதல் 3,500 வரை தடிப்பாக, மேடு பள்ளமில்லாமல் இருக்கிறதா? அதுதான் உங்கள் கேம்.

கீழ்ச்சுற்றுக் கேமிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வால்வு சீக்கிரம் மூடினால் உள்ளே அழுத்தம் கூடும். நம் ஊர் வெயிலில், மேட்டில், ரான் 95 ஊற்றினால் டக் டக்கென்று ‘நாக்கிங்’ கேட்கலாம். பிஸ்டனை அரிக்கும் சத்தம் அது. ரான் 97 செலவையும் கணக்கில் சேருங்கள்.

செலவு கேமோடு நிற்பதில்லை. உள்பக்க பேரிங், லிஃப்டர், கேஸ்கெட், தேவைப்பட்டால் வால்வு ஸ்பிரிங், கடைசியாக டைனோவில் வைத்து ஈசியூ டியூனிங். கடைசியதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். உத்தரவாதம் பற்றி விற்பனையாளரிடமும், இன்ஜின் மாற்ற விதிகள் பற்றி ஜேபிஜேயிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் எல்டிஏவிடம்.

மாமா இப்போது கீழ்ச்சுற்றுக் கேம்கள் இரண்டின் வரைபடங்களை அச்சடித்து வைத்திருக்கிறார். முடிவெடுக்கும் முன் அத்தையை ஏற்றிக்கொண்டு, பழைய கேமிலேயே ஒருமுறை தைப்பிங் வரை போய், எந்த மேட்டில் எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு அத்தை கையில்.