மக்கெயினை அளந்த கோல் எங்கே போயிற்று?

ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் தங்களது ஜனாதிபதி வேட்பாளர் மீது ஐயம் கொள்வது ஜனநாயகத்துக்கு ஆரோக்கியமானதே. கட்சி எவரை நிறுத்தினாலும் கைதட்டி வாக்களிப்பவர்களைக் காட்டிலும், இவர் எமது கொள்கைக்கு உண்மையானவர்தானா என்று கேட்பவர்கள் மேலானவர்கள். ஆனால், அவ்வாறு கேட்பவர்களுக்கு ஒரு கடப்பாடு உண்டு. ஒருவரை எந்தக் கோலால் அளந்தார்களோ அதே கோலால் அடுத்தவரையும் அளக்க வேண்டும். அமெரிக்காவின் பழமைவாத வாக்காளர்கள் அந்தக் கடப்பாட்டை நிறைவேற்றினார்களா? 2008 இல் ஜோன் மக்கெயினையும் 2016 இல் டொனால்ட் ட்ரம்ப்பையும் அவர்கள் நடத்திய விதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், இல்லை என்பதே விடை.

2008 ஜனவரி 29 ஆம் திகதி புளோரிடா மாநிலத்தில் மக்கெயின் பெற்ற வாக்குகள் 36 சதவீதம் மாத்திரமே. ஆயினும், முதலிடம் பெற்றவருக்கே அனைத்தும் என்ற விதியின் காரணமாக அம்மாநிலத்தின் 57 பிரதிநிதிகளும் அவருக்கே சென்றனர். பழமைவாதிகளின் வாக்குகள் மிட் ரொம்னிக்கும் மைக் ஹக்கபீக்கும் இடையே பிளவுபட்டுக் கிடந்தன. பெப்ரவரி 7 ஆம் திகதி வொஷிங்டனில் கூடிய பழமைவாதிகளின் வருடாந்த மாநாட்டில் ரொம்னி போட்டியில் இருந்து விலகுவதாக அறிவித்தார். அதே தினம் அதே மேடைக்கு வந்த மக்கெயின் குடிவரவுப் பிரச்சினையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சபையில் இருந்து கூச்சல் எழுந்தது. தங்கள் கட்சியின் வேட்பாளராக வரப்போவது ஏறக்குறைய உறுதியாகிவிட்ட ஒருவரையே அவர்கள் அவ்வாறு வரவேற்றார்கள்.

அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் யாவை? தேர்தல் நிதியைக் கட்டுப்படுத்தும் 2002 ஆம் ஆண்டின் சட்டத்தை ஜனநாயகக் கட்சி செனட்டர் ரஸ் பைன்கோல்டுடன் இணைந்து கொண்டுவந்தார். 2001 இலும் 2003 இலும் ஜோர்ஜ் புஷ்ஷின் வரிக்குறைப்புகளுக்கு எதிராக வாக்களித்தார். நீதிபதிகளின் நியமனம் தொடர்பாக 2005 இல் இரு கட்சிகளையும் சேர்ந்த 14 செனட்டர்கள் செய்துகொண்ட இணக்கப்பாட்டில் பங்கேற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அந்தஸ்து வழங்கும் வழியொன்றை எட்வேர்ட் கென்னடியுடன் சேர்ந்து தேடினார்.

இவை எவையும் பொய்யான குற்றச்சாட்டுகள் அல்ல. தேர்தல் நிதிச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்ற பழமைவாதிகளின் வாதத்தை, 2010 இல் அதன் முக்கியமான பகுதியொன்றைச் செல்லுபடியற்றதாக்கிய உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தச் சட்டமூலத்தில் கையெழுத்திட்டவர் புஷ். குடிவரவுச் சீர்திருத்தத்தை 2007 இல் முன்னின்று வலியுறுத்தியவரும் புஷ். பழமைவாதிகள் அவரது குடிவரவுத் திட்டத்தை எதிர்த்துத் தோற்கடித்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் அவர்களில் பெரும்பாலானோர் அவரைக் கட்சிக்குத் துரோகி என்று அழைக்கவில்லை. அமெரிக்கப் பழமைவாத ஒன்றியம் செனட்டர்களின் வாக்களிப்பை ஆராய்ந்து வழங்கும் மதிப்பெண்ணில், தனது செனட் வாழ்வு முழுவதற்குமாக மக்கெயின் பெற்றிருந்தது நூற்றுக்குச் சுமார் 82. பத்தில் எட்டு முறை தம்முடன் நின்றவரைத்தான் அவர்கள் அந்நியர் என்றார்கள்.

வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்போ, மக்கெயின் வேட்பாளரானால் குடியரசுக் கட்சியே அழியும் என்று எச்சரித்தார். ஆன் கோல்டர், அவரைவிட ஹிலாரி கிளின்டனுக்காகப் பிரசாரம் செய்வேன் என்றார். கிறிஸ்தவப் பழமைவாதிகளின் செல்வாக்குமிக்க தலைவரான ஜேம்ஸ் டொப்சன், மனச்சாட்சியின்படி மக்கெயினுக்கு வாக்களிக்க முடியாது என்று அறிவித்தார்.

இந்த ஐயத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உப ஜனாதிபதி வேட்பாளராகத் தனது நெடுநாள் நண்பர் ஜோ லீபர்மனையே மக்கெயின் விரும்பினார். ஜனநாயகக் கட்சியில் இருந்து வந்தவரும் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவருமான ஒருவரைக் கட்சி சகித்துக்கொள்ளாது என்று ஆலோசகர்கள் தடுத்தார்கள். 2008 ஓகஸ்ட் 29 ஆம் திகதி அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் மேடையேற்றப்பட்டார். டொப்சனின் மனச்சாட்சி உடனடியாகவே இளகியது. ஆனால், அடுத்த மாதமே லீமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் வீழ்ச்சியுடன் வெடித்த நிதி நெருக்கடிக்கு மத்தியில், நடுநிலை வாக்காளர்கள் ஒபாமாவின் பக்கம் சாய்ந்தார்கள். 365 க்கு 173 என்ற தேர்வாளர் வாக்குகளில் மக்கெயின் தோற்றார். லீபர்மனைத் தெரிவு செய்யாதது குறித்துத் தனது இறுதிக் காலத்தில் அவர் வெளிப்படையாகவே வருந்தினார்.

எட்டு வருடங்கள் கடந்தன. 1999 இல் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் கருக்கலைப்பு உரிமையைத் தீவிரமாக ஆதரிப்பவன் என்று தன்னைக் கூறிக்கொண்டவர். 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர். ஹிலாரி கிளின்டனின் செனட் தேர்தலுக்குப் பணம் வழங்கியவர். அத்தகைய ட்ரம்ப்பே 2016 இல் கட்சியின் வேட்பாளரானார். ஐயம் கொண்டவர்கள் அப்போதும் இருக்கவே செய்தார்கள். 'நாஷனல் ரிவியூ' சஞ்சிகை அவ்வருட ஜனவரியில் ட்ரம்ப்புக்கு எதிராகச் சிறப்பிதழே வெளியிட்டது. ஆனால், வாக்காளர் பெருங்கூட்டம் அதனைச் செவிமடுக்கவில்லை. கோல்டர் ட்ரம்ப்பைப் போற்றி நூல் எழுதினார். டொப்சன் அவரை ஆதரித்தார். வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதமானோர் அவருக்கு வாக்களித்ததாக வாக்களிப்பு நாள் கணிப்புகள் கூறின. 82 மதிப்பெண் பெற்றவரைச் சந்தேகித்தவர்கள், பரீட்சைக்கே அமராதவரைச் சித்தியடையச் செய்தார்கள்.

இதற்குப் பழமைவாதிகளிடம் ஒரு பதில் உண்டு. அது பலவீனமான பதிலும் அல்ல. ட்ரம்ப் தனது நீதிபதிகள் பட்டியலை 2016 இலேயே பகிரங்கப்படுத்தினார்; சொன்னபடி மூவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்; 2022 ஜூன் 24 ஆம் திகதி ரோ எதிர் வேட் தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. 'கேட்டது கிடைத்தது, பிறகென்ன?' என்கிறார்கள். கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அப்படியானால் அதன் பெயர் பேரம். பேரம் அரசியலில் இழிவானதல்ல. அதற்கு மனச்சாட்சி என்று பெயர் சூட்டுவதுதான் தவறு. அந்தப் பேரத்திலும் பிடி தளர்ந்துவிட்டது. கருக்கலைப்புக்கு எதிரான தேசியச் சட்டம் வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்திவந்த கட்சி, 2024 ஜூலையில் ட்ரம்ப்பின் விருப்பத்துக்கு இணங்க அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. மக்கெயின் காலத்துக் கூச்சலில் நூறில் ஒரு பங்கு கூட அப்போது கேட்கவில்லை.

எனவே, மக்கெயின் செய்த உண்மையான குற்றம் எது? 2008 ஒக்டோபரில் மினசோட்டாவில் நடைபெற்ற கூட்டமொன்றில், ஒபாமா ஓர் அராபியர் என்று கூறிய பெண்மணியிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்நாட்டின் பிரஜை, எமக்கிடையே இருப்பது கருத்து வேறுபாடு மாத்திரமே என்று மக்கெயின் விளக்கினார். அன்று கூச்சலிட்டவர்கள் அவருடைய ஆதரவாளர்களே. எதிர்த்தரப்பாரை எதிரியாக நோக்க மறுத்ததையும், அவர்களுடன் மேசையில் அமர்ந்து சட்டம் இயற்றியதையும்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. வரி விகிதமும் தேர்தல் நிதியும் அந்தக் கோபத்துக்குப் போர்த்தப்பட்ட போர்வைகள். வியட்நாமில் ஐந்தரை வருடங்கள் சிறையிருந்த அவரை, பிடிபடாதவர்களையே தனக்குப் பிடிக்கும் என்று 2015 ஜூலையில் ட்ரம்ப் ஏளனம் செய்தார். அதனையும் அந்த வாக்காளர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஐயத்தைத் தவறாகச் செலவிட்டதன் விளைவை அக்கட்சியே இன்று அனுபவிக்கிறது. தலைவருக்கு எதிராக வாக்களித்தால் என்ன நேரும் என்பதை அதன் செனட்டர்கள் அறிவார்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை நீக்கும் முயற்சிக்கு எதிராக, மூளைப் புற்றுநோயுடன் செனட் சபைக்கு வந்து 2017 ஜூலை 28 ஆம் திகதி கட்டைவிரலைக் கீழே காட்டிய மக்கெயினைப் போன்றவர்கள் அங்கு அருகிவிட்டார்கள். 2018 ஓகஸ்ட் 25 ஆம் திகதி அவர் காலமானார். அடுத்த வேட்பாளரைத் தெரிவு செய்யும் காலம் வரும்போது, பழமைவாத வாக்காளர்கள் மீண்டும் கொள்கையைப் பற்றிப் பேசுவார்கள். தாராளமாகப் பேசட்டும். ஆனால், மக்கெயினிடம் கேட்ட கேள்விகளை ட்ரம்ப்பிடம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு அவர்கள் முதலில் பதில் கூற வேண்டும்.