ஓய்வு நேரம்: பட்டறை மேசையும் பிளாஸ்மா கட்டரும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மகன் டிப்ளமா முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்கிறான். இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், கணினித் திரையில் எதையோ சுட்டுக்கொண்டிருக்கிறான். 'என்னடா இது?' என்றால், 'ஆயுதத்தை மேம்படுத்துகிறேன் அம்மா' என்று பதில் வருகிறது. சுடுகிற ஆயுதத்துக்கு மேம்பாடு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டார்.

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அன்று அது. "அக்கா, அடுத்த இதழில் எழுதிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் ஆடும் விளையாட்டின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டெட் ஸ்பேஸ் என்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, நாள் முழுதும் சரக்கு ரசீதுகளோடு மல்லாடும் இந்தக் குமாஸ்தாவுக்கு உலகில் ஏதேனும் ஒரு வீடியோ விளையாட்டு நன்றாகத் தெரியும் என்றால், அது இதுதான். தெரிய நேர்ந்த காரணம் அவ்வளவு சிரிப்புக்குரியதன்று. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

டெட் ஸ்பேஸ் 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்தது. கதை நடப்பது 2508-இல். இஷிமுரா என்றொரு பிரம்மாண்டமான விண்கலம். கோள்களை உடைத்து அவற்றின் உள்ளிருக்கும் கனிமங்களை எடுப்பதே அதன் தொழில். அக்கலத்திலிருந்து செய்தி நின்றுபோகவே, பழுது பார்க்க ஒரு சிறு குழு செல்கிறது. அதில் ஒருவன் ஐசக் கிளார்க். ஐசக் அசிமோவ், ஆர்தர் கிளார்க் என்னும் இரு விஞ்ஞானக் கதாசிரியர்களின் பெயர்களை இணைத்து அவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அவன் காதலி அக்கலத்தில் மருத்துவப் பணியில் இருப்பவள். போய்ப் பார்த்தால் கலத்தில் இருந்தவர்கள் மடிந்து, அவர்கள் பிணங்களே உருமாறிக் கத்திபோன்ற கைகளோடு திரிகின்றன.

ஐசக் கிளார்க் சிப்பாய் அல்லன்; பொறியாளன். துப்பாக்கி பிடித்துப் பழகியவனும் அல்லன். ஆகவே அவன் கையில் கிடைப்பவை பெரும்பாலும் தொழிற்கருவிகள். முதலில் கிடைப்பது பிளாஸ்மா கட்டர் என்னும் வெட்டுக் கருவி. கனிமப் பாறைகளை அறுப்பதற்கென ஏற்பட்டது. ஒரு பட்டறை மேசையின்மேல் கிடக்கிறது. அருகே சுவரில், உறுப்புகளை வெட்டு என்று இரத்தத்தால் எழுதியிருக்கிறது. அந்தப் பேயுருவங்களின் தலையில் சுட்டுப் பயன் இல்லை. கைகால்களைத் துணித்தால்தான் வீழும். கட்டரிலிருந்து மூன்று ஒளிப்புள்ளிகள் ஒரே கோட்டில் விழும். ஒரு பொத்தானை அழுத்தினால் அக்கோடு நெடுக்காகவும் கிடையாகவும் திரும்பும். பக்கவாட்டில் விரிந்த கையை வெட்ட நெடுக்குக் கோடு. ஓடிவரும் காலை வெட்டக் கிடைக்கோடு. ஆக, சுடும் அவசரத்திலும் கையாளுகிறவன் ஒரு தச்சனைப்போல, எந்த வாட்டத்தில் அறுப்பது என்று எண்ணியாக வேண்டும்.

இதைத் தவிர லைன் கன், ரிப்பர், ஃபோர்ஸ் கன், கான்டாக்ட் பீம், தீயுமிழி, பல்ஸ் ரைஃபிள் என்று இன்னும் ஆறு உண்டு. ரிப்பர் என்பது சுழலும் இரம்பத் தகட்டை எட்டத்தில் அந்தரத்திலேயே நிறுத்தி அறுப்பது. பார்க்கவே குலை நடுங்கும். ஏழில் உண்மையான போர் ஆயுதம் பல்ஸ் ரைஃபிள் ஒன்றுதான். வேடிக்கை என்னவெனில், மளமளவென்று சுடும் அந்த ஒன்று, உறுப்பைத் துணிக்கும் வேலைக்குக் கட்டர் அளவு உதவுவதில்லை. ஒரு சமயத்தில் நான்கை மட்டுமே கையோடு வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். கலத்தில் ஆங்காங்கே பட்டறை மேசைகள் இருக்கின்றன. அங்கே கருவியை வைத்தால், அதன் உள்ளமைப்பு திரையில் ஒரு வரைபடமாக விரிகிறது. நம் நிலைய அதிபர் அறையில் தொங்கும் யார்டு வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு முனையிலிருந்து தடங்கள் கிளைத்துக் கிளைத்துச் செல்லும். தடத்தில் வட்ட வட்டமாக இடங்கள். சிலவற்றில் வெட்டும் வலிமை கூடும், சிலவற்றில் கொள்ளளவு, சிலவற்றில் மறுபடி நிரப்பும் வேகம். வேறு சில வெற்று வட்டங்கள். ஒன்றும் தரமாட்டா, ஆயினும் அவற்றைக் கடந்துதான் அப்பால் போக முடியும். ஒவ்வொரு வட்டத்தையும், அது வெற்று வட்டமே ஆனாலும், நிரப்புவதற்குப் பவர் நோடு என்றொரு சிறு பொருள் வேண்டும்.

இந்தப் பவர் நோடு எளிதில் கிடைப்பதன்று. சுவர்ப்பெட்டிகளில் ஒன்றிரண்டு இருக்கும். கலத்தின் கடையில் வாங்கலாம். விலை 10,000 கிரெடிட். கிரெடிட் என்பது விளையாட்டுக்குள் பொறுக்கிச் சேர்க்கும் காசு. அதே காசில்தான் தோட்டாவும் மருந்தும் வாங்க வேண்டும். கருவிகளுக்கு மட்டுமா நோடு? அவன் உடுப்பின் உயிர்த்தாங்கு சக்திக்கும், உள்ளிருக்கும் காற்றின் அளவுக்கும் அதுவே வேண்டும். போதாக்குறைக்குப் பூட்டிய அறைகள் சில உண்டு. ஒரு நோடைக் கொடுத்தால் கதவு திறக்கும். உள்ளே பெருஞ்செல்வமும் இருக்கலாம். செலவுக்கு ஈடாகாத சில்லறைச் சாமான்களும் இருக்கலாம். தேதி இருபத்தைந்துக்குமேல் நம் வீடுகளில் நடக்கும் ஆலோசனை எதுவோ, அதுவே அங்கே நடக்கிறது.

அந்த 2008 விளையாட்டில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வைத்த நோடை எடுக்க முடியாது. தவறான தடத்தில் வைத்தால் வைத்ததுதான்.

நானும் என் தம்பியும் முதன்முறை ஆடியபோது, நான்கு கருவிகளையும் சரிசமமாக நடத்துவோம் என்ற நல்லெண்ணத்தில் ஆளுக்கு இரண்டு நோடு என்று பங்கிட்டோம். யோசனை என்னுடையது. பாதிக் கதைக்குமேல் எந்தக் கருவியும் எந்த எதிரிக்கும் போதவில்லை. நான்கு வகைத் தோட்டாக்களும் பையை அடைத்துக்கொண்டன. வேண்டும் சமயத்தில் வேண்டிய வகை இராது. தம்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். "அண்ணா, இம்முறை கட்டர் மட்டும்" என்றான். நான் ஒப்பவில்லை, அவன் கேட்கவும் இல்லை. கையில் ஒரே கருவி இருந்தால், வீழ்ந்த எதிரிகளிடமிருந்து கிடைக்கும் தோட்டாவும் அதற்குரியதாகவே வருகிறது என்பதைக் கண்டுபிடித்தான். நோடெல்லாம் ஒரே தடத்தில் போயிற்று. கட்டரை மட்டும் கொண்டு கதையை முடிப்பவர்க்கு விளையாட்டே ஒரு விருது தருகிறது. அதன் பெயரும் ஒற்றைத் துப்பாக்கி என்று பொருள்படுவதுதான். அதைத் தம்பி பெற்றான். என் தந்தையார் இரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய அரம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. கைப்பிடி இரண்டு முறை மாற்றியது. தம்பி விருது பெற்ற அன்றிரவு அது ஏனோ என் நினைவுக்கு வந்தது.

பின்வந்த பாகங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில், கட்டணம் செலுத்தி நோடுகளைத் திரும்ப எடுத்து வேறு தடத்தில் வைக்க வழி செய்தார்கள். பலர்க்கு அது சௌகரியம். எனக்கு ருசி குறைந்தது. 2013-இல் மூன்றாம் பாகம். அதில் நோடு போயிற்று. உதிரிப் பாகங்களைப் பூட்டிப் புதுப்புது ஆயுதங்களைத் தாமே செய்துகொள்ளலாம். அது நல்ல யோசனையே. ஆனால் எல்லா ஆயுதங்களுக்கும் பொதுவான ஒரே தோட்டா என்று ஆக்கிவிட்டபடியால், எதைக் கையில் எடுப்பது என்ற கவலை பாதி தீர்ந்துபோயிற்று. அத்தோடு, ஆயுதம் செய்வதற்கான மூலப்பொருள்களை மெய்யான பணம் கொடுத்தும் வாங்கலாம் என்று கடை விரித்தார்கள். பணம் கொடாமலே பொறுக்கிச் சேர்த்தும் ஆட முடிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆயினும் பட்டறை மேசைக்குப் பக்கத்திலேயே கல்லாப்பெட்டி வந்து உட்கார்ந்ததை என்னால் ஒப்ப முடியவில்லை. 2023 ஜனவரியில் முதற்பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, நோடும் மேசையும் திரும்பின. கருவிகளுக்குரிய சிறப்புப் பாகங்களைக் கலத்துக்குள் தேடி எடுத்தால், வரைபடத்தில் புதுத் தடங்கள் திறக்கும்படியும் செய்திருக்கிறார்கள்.

கல்லாப்பெட்டியின்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர், கும்பகோணத்துப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டின் கூரைக்கு ஓடு மாற்றவென்று அம்மா பணம் சேர்த்துவந்தார். அவர் வங்கிக் கணக்கு இருந்த கைப்பேசியில் தம்பி ஏதோ ஒரு சுடும் விளையாட்டு ஆடினான். அதன் பெயர் இங்கே வேண்டாம். துப்பாக்கியின் வலிமையைக் கூட்ட ஒவ்வொரு படிக்கும் பணம். எழுபது, எண்பது ரூபாய் என்று சில்லறை சில்லறையாகப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து கொத்தனார் அழைத்துக் கேட்டபோது கணக்கில் 4,300 ரூபாய் குறைந்திருந்தது. நான் கை ஓங்கிவிட்டேன். அம்மா நடுவே வந்து நின்றார். அவ்வாண்டு மழைக்கு அந்த வீட்டின் கூடத்தில் தண்ணீர் இறங்கியது.

பல நாள் அவனோடு நான் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறன்று அவனாக வந்து, "அண்ணா, எத்தனை வாங்கினாலும் அடுத்த வாரம் அதைவிடப் பெரிய துப்பாக்கி ஒன்றைக் கடையில் வைத்துவிடுகிறான்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதை யோசித்தேன். சக குமாஸ்தா ஒருவர் விற்ற பழைய கணினியை வாங்கி, டெட் ஸ்பேஸ் தள்ளுபடி விலைக்குக் கிடைத்தபோது அதையும் வாங்கினேன். ஒரு முறை கொடுத்த பணத்தோடு சரி. உள்ளே எத்தனை ஆண்டு திரிந்தாலும் மேற்கொண்டு காசு கேளாது. கூட இருந்து ஆடுவேன், பதினொரு மணிக்கு நிறுத்துவோம் என்பது என் நிபந்தனை. பதினொன்று பன்னிரண்டான இரவுகளும் உண்டு. அதில் என் பங்கே அதிகம். ஓட்டுப் பணத்தை அவன் ஒரு கைப்பேசிப் பழுதுக் கடையில் மாலை வேலை பார்த்து, ஆறு மாதத்தில் அம்மாவிடம் கொடுத்தான். இப்பொழுது அவன் பட்டறையில் பயிற்சித் தொழிலாளி.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இது குழந்தைகளுக்கான விளையாட்டு அன்று. அமெரிக்காவில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்றும், ஐரோப்பாவில் பதினெட்டு என்றும் முத்திரையிட்டு விற்பது. இரத்தமும் பயங்கரமும் நிறைய. என் பத்து வயது மகள் விழித்திருக்கும் வரை நாங்கள் அதைத் திறப்பதில்லை. ஒருநாள் திறந்து, அவள் எட்டிப் பார்த்து, இரண்டு இரவு அவள் தாயின் முந்தானையை விடவில்லை. என் வீட்டார் என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியாகவே எடுத்துச் சென்று அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், "பையனிடம் தோட்டா எத்தனை என்று கேட்காதீர்கள் அக்கா, நோடை எதில் வைத்தான் என்று கேளுங்கள்" என்று சொல்லிவைத்தேன். நான்கு நாள் கழித்து, காய்கறிக் கடையில் என்னைக் கண்டு அவராகவே தொடங்கினார். "எல்லாவற்றையும் அந்தக் கட்டரில்தான் போட்டிருக்கிறானாம் தம்பி. இரண்டை மட்டும் கதவுக்குக் கொடுத்தானாம். ஒன்றில் நல்ல வரும்படி, மற்றதில் தெண்டம் என்றான். ஏனடா பார்க்காமல் திறந்தாய் என்று நான் சத்தம் போட்டேன்" என்றார். அவர் குரலில் மெய்யான வருத்தமே இருந்தது.