கடைசி ஆளின் வேகம்தான் குழுவின் வேகம்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். "ஜெய்சால்மர் பக்கம் சைக்கிளில் போறோம் முசே, பத்து பேர்" என்றான். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவன் காட்டிய விதிமுறையைப் படித்ததும் வயிறு எரிந்தது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பின்னால் வரும் வேனில் ஏறிவிட வேண்டுமாம். இதற்குப் பெயர் குழுப் பயணமாம்!

ஓய்வு பெற்ற மறு வருடம் நானும் அந்தச் சாலையில் மிதித்தவன். ஜெய்சால்மரிலிருந்து ராம்கர் வழியாகத் தனோட் சுமார் 120 கிலோமீட்டர். தார்ச்சாலைதான். அங்கே எதிரி காற்று. மறைக்க ஒரு வீடு, ஒரு தோப்பு கிடையாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் ஒட்டி வருகிறவனுக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். பிரிந்துபோனவன் முழுக் காற்றையும் தனியாக வாங்க வேண்டும். ஆக, தெம்பில்லாதவனை விட்டுவிட்டுப் போவது அவன் கஷ்டத்தை இன்னும் ஏற்றுவதுதான்.

எட்டுப் பேர் போனோம். ராம்கர் தாண்டியதும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரின் சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. முன்னால் போன ஏழு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன். தலையை எண்ணிப் பார்த்துத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நம்மூர்க் கோயில்களில் நிற்கிறதே, அதே வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டில் காலி. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் தன் தண்ணீரைக் கொடுத்திருந்தார். "என்ன முசே, தபால் லேட்டா வந்திருக்கு?" என்று சிரித்தார் நண்பர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேகமாகப் போகிறவனை ஏன் கட்டிப்போட வேண்டும்?" என்கிறார்கள். கட்ட வேண்டாம். பிரான்சில் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1904இல் தொடங்கிய ஓதாக்ஸ் முறையில் எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். வேகத்தை முன்னால் போகும் தலைவர் கட்டுக்குள் வைப்பார். 1921இல் தங்கள் இஷ்டப்படி மிதிக்க விரும்பியவர்கள் தனி முறை வகுத்துக்கொண்டார்கள். இரண்டும் நேர்மை. தனித்தனியாக ஓடிக்கொண்டு குழு என்று பெயர் வைப்பதுதான் பொய்.

"மெதுவாகப் போனால் வெயில் ஏறிவிடுமே?" என்றால், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சைக்கிள் கூட்டத்துக்குப் பிரெஞ்சில் 'பெலோத்தோன்' என்று பெயர். பள்ளியில் நான் அந்தச் சொல்லை முதலில் படித்தது நூல்கண்டு என்ற பொருளில். நூலை இழுத்துக்கொண்டே போனால் கண்டு ஏது?

முப்பது வருடம் கோப்புகளில் தவறான வரிகளை அடித்தவன் நான். அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் போ என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். நண்பர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.