கைவேலை என்று பெயர் வைத்தது யார்?

பெண்களுக்கு மெஷின் வேலையில் நாட்டம் கிடையாது, கதவைத் திறந்து வைத்தாலும் டீச்சர் வேலையைத்தான் தேடிப் போவார்கள் என்று குமரி மாவட்டத்தில் படித்தவர்களே நம்புகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இங்கேயும் இப்படிப் பேசுவது நம் ஊர்ப் பெண்களின் இருநூறு வருட உழைப்பைக் காண மறுப்பதாகும். மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டின் மேல் துளையிட்ட ஒரு அட்டை. துளைக்கு ஒரு குண்டூசி. நூல் சுற்றிய கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். எந்த ஜோடியை எதன் மேல் கடத்துவது, எத்தனை முறை முறுக்குவது, எந்த ஊசியில் நிறுத்துவது என்ற வரிசையில் ஒன்று பிசகினாலும் பூ விழாது. வடிவத்தைத் துளைகளில் குறித்து வைத்து, வரிசை மாறாமல் நிறைவேற்றும் இந்த வேலையில் கணக்கும் பொறிநுட்பமும் இருக்கின்றன. சீமைக்கு விலைபோன சரக்கு அது. இருந்தும் அதைக் ‘கைவேலை’ என்றே சொன்னோம். பெண் செய்தால் கைவேலை, ஆண் செய்தால் தொழில்நுட்பம் என்ற இந்தப் பாகுபாட்டில்தான் கோளாறு தொடங்குகிறது.

அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையிலும் இதே கதைதான். கொட்டையை உடைப்பது, தொலி உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெண்கள். வறுக்கும் இடத்திலும் பாய்லர் பக்கத்திலும் பொதுவாக ஆண்கள். அந்தப் பெண்கள் மெஷின் பக்கம் போகாததற்கு விருப்பமின்மையா காரணம்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, விசை தரும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்ணை விடக்கூடாது என்றது. 66ஆம் பிரிவு தொழிற்சாலையில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில்தான் ரத்து செய்தது. ஃபிட்டர் வேலை என்பது ஓடும் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, அதன் சத்தத்தைக் கேட்டு, ராத்திரி ஷிப்டில் பழுது பார்த்துக் கற்கும் வேலை. எண்ணெய் விடவே கூடாதவள் மெக்கானிக் ஆவது எப்படி, ஃபோர்மேன் ஆவது எப்படி, நாளை சொந்தமாக ஒரு பட்டறை வைப்பது எப்படி? அரை நூற்றாண்டு கதவை அடைத்து வைத்துவிட்டு, அவள் வரவில்லை என்று குறை சொல்வது அநியாயம்.

பாதுகாப்புக்காகத்தானே அந்தச் சட்டம் என்பார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும் உடைப்பு வேலையிலிருந்து அந்தச் சட்டம் அவளை விலக்கி வைக்கவில்லையே! ஆபத்து இருந்தும் கூலி குறைந்த இடத்தில் அவளை உட்காரவைத்தோம். கூலி கூடும் இடத்தில் மட்டும் ஆபத்தைக் காட்டினோம். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி 2023இல் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலத் திட்டத்தை நடத்திக் காட்டவில்லையா, இனி என்ன தடை என்றும் கேட்பார்கள். அவருடைய சாதனை தலைவணங்கத்தக்கது. ஆனால் ஒருவர் மதிலேறிக் குதித்தார் என்பதால் மதில் இல்லையென்று ஆகிவிடாது.

கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவார்கள் என்ற பேச்சுக்கு நம் வீடுகளே பதில். குமரி மாவட்டத்து நர்சுகள் வளைகுடா நாடுகளுக்குப் போய், குழந்தையைத் தாயிடம் விட்டு, இரவும் பகலும் ஷிப்டு பார்க்கிறார்கள். வென்டிலேட்டரும் டயாலிசிஸ் கருவியும் மெஷின் இல்லையா? அங்கே இரவும் கடலும் கல்யாணமும் தடையாகவில்லை. காரணம், அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு, மரியாதை உண்டு, வீட்டார் சம்மதமும் உண்டு. பட்டறை வேலைக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த மகள் கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு கேட்டால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். படித்து முடித்து அவள் வேலை கேட்டு வரும்போது, பட்டறைக்காரர்களே, அவளைக் கணக்கு எழுத உட்காரவைக்காமல் மெஷினில் நிறுத்துங்கள்.