வலைத்தளம் திறந்தாற் போதுமா?

விழா மேடை அணிசெய்யப் பெற்றிருக்கும். வாயிலில் வாழையும் மாவிலையும் கட்டப் பெற்றிருக்கும். தலைவர் கணிப்பொறியின் பொத்தானை அழுத்துவார். திரையில் மன்றத்தின் பெயர் பொன்னெழுத்தில் ஒளிரும். கைதட்டல் அரங்கை அதிர்விக்கும். "இனி உலகத் தமிழர் அனைவரும் இம் மன்றத்தைத் தத்தம் வீட்டிலிருந்தே காணலாம்" என்று முழங்குவர். பொன்னாடைகள் போர்த்தப்பெறும்; படங்கள் எடுக்கப்பெறும். மறுநாள் முதல் அத் தளத்தின் பக்கம் எவரும் திரும்பிப் பாரார்!

மூன்றாண்டு கழித்து அதே முகவரியைத் திறந்து பார்ப்பின், திறப்பு விழாவின் அழைப்பிதழே இன்னும் 'அண்மைச் செய்தி'யாகத் தொங்கும். செயலாளர் மாறியிருப்பார், பழைய செயலாளரின் தொலைப்பேசி எண்ணே நின்றுகொண்டிருக்கும். ஐயம் கேட்டு எழுதியவர்க்கு மறுமொழி வாராது. இன்னும் ஈராண்டு கழித்துப் பார்ப்பின், மன்றத்தின் பெயரிலேயே அயலான் ஒருவன் சூதாட்டக் கடை விரித்திருப்பான். திருவள்ளுவர் படம் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டின் படம்! இவ் விழிவுக்கு நாணாதவர் தமிழ்ப் பற்றாளர் ஆவரோ?

வலைத்தளம் என்பது நட்டு வைத்தால் நிற்கும் நடுகல் அன்று. அஃது ஓர் ஏரி. ஏரியை வெட்டியவன் பெயர் கல்லில் நிற்கும். ஆனால் ஊர் வாழ்வது ஆண்டுதோறும் தூர் எடுத்துக் கரை காத்தவனால். வெட்டுவது ஒருநாட் பெருமை. காப்பது என்றும் உள்ள கடமை. இவ் வேறுபாட்டை உணராமையே தமிழ்த் தளங்கள் பலவற்றின் சாவுக்குக் கரணியம்.

'ஒருமுறை செய்து வைத்த தளம் தானே ஏன் கெடும்? அதற்கென்ன துருவா பிடிக்கும்?' என வினவுவோர் உளர். தளம் துருப்பிடிப்பதில்லை, அது நிற்கும் நிலமே நகர்ந்துகொண்டிருக்கிறது. தளத்தின் பெயர் எவருக்கும் விலைக்கு விற்கப்படுவதில்லை. கால எல்லையிட்டே தரப்படுகிறது. 'காம்' என முடியும் பெயரை ஒரே முறையில் 10 ஆண்டுக்கு மேல் எவரும் பதிந்துகொள்ள இயலாது. காலம் கடந்தும் புதுப்பிக்காவிடின், சில கிழமை பொறுத்திருந்து அப் பெயரை விடுவித்து விடுவர்; பின்னர் அஃது எடுத்தவனுக்கே உரியது. பார்ப்பவர்க்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை மறைத்துக் காக்கும் சான்றிதழுக்கும் இவ்வாறே கால எல்லை உண்டு. 2020-இல் அவ் வெல்லை 398 நாளாகக் குறுக்கப்பட்டது. 2029-க்குள் அதனைப் படிப்படியாக 47 நாளாகக் குறைப்பதென 2025-இல் முடிவு செய்யப்பட்டது. தளத்தை இயக்கும் மென்பொருளுக்கும் வாழ்நாள் உண்டு. ஒருகாலத்தில் எத்துணையோ தளங்களின் முகப்பில் ஆடியசைந்த 'பிளாசு' மென்பொருள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. அதனை நம்பி எழுப்பிய பக்கங்கள் வெற்றுக் கட்டங்களாயின.

பணமும் ஆளும் நிறைந்த நிறுவனங்களே இதிற் சறுக்கி விழுந்துள்ளன. 1999-ஆம் ஆண்டின் இறுதியில், மைக்குரோசாப்டு நிறுவனத்தின் மின்னஞ்சற் பணிக்கு வாயிலாக நின்ற ஒரு தளப்பெயரைப் புதுப்பிக்க அந் நிறுவனம் மறந்தது. மின்னஞ்சல் திறவாது பலர் தவித்தனர். வெளியார் ஒருவர் தம் கையிலிருந்து 35 தாலர் கட்டியே அதனை மீட்டார். உலகப் பெருஞ் செல்வனின் கதவு முப்பத்தைந்து தாலருக்கு அடைபட்டது!

2017-இல் அமெரிக்காவின் ஈக்குவிபாக்சு நிறுவனத்தில் நேர்ந்ததோ பெருங்கேடு. மக்களின் கடன் கணக்குகளைத் திரட்டி வைப்பது அதன் தொழில். அதன் தளம் ஒன்றில் இயங்கிய மென்பொருளில் ஓட்டை உண்டென்பதும், அதனை அடைக்கும் திருத்தமும் அவ் வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியாயின. திருத்தம் விலையின்றிக் கிடைத்தது. ஆனால் அத் தளத்தில் அதனை எவரும் இடவில்லை. மே மாதத்திற் கள்வர் நுழைந்தனர். சூலை இறுதிவரை அள்ளினர். போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியின் சான்றிதழும் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தமையின், காவற் கருவியே கண்ணிழந்து கிடந்தது. 14 கோடியே 70 இலக்கம் மக்களின் தனிச் செய்திகள் களவு போயின. 2019-இல் அந் நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 இலக்கம் தாலர் தர உடன்பட்டது. தளம் கட்டத் தெரியாமையால் வந்த கேடா இது? அன்று, கட்டியதைப் பேணாமையால் வந்த கேடு.

தமிழுக்கு நேர்ந்த இழப்பு இவ்வாறு பணத்தால் அளக்கத் தக்கதன்று. 1990-களில் இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்தோர் தத்தமக்கென ஒவ்வோர் எழுத்துருவும் குறியேற்றமும் வகுத்துக்கொண்டனர். திசுக்கி எனவும், தாம் எனவும், தாபு எனவும் பல முறைகள் வழங்கின. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. உலக வழக்கும் அதுவே ஆயிற்று. பழைய பக்கங்களை அதற்கு மாற்றியோர் பிழைத்தனர். மாற்றாதோரின் எழுத்து இன்று பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தெரிகிறது. எழுதியவர் உழைப்பும் உண்டு, எழுத்தும் உண்டு, படிக்கத்தான் இயலவில்லை! விலையின்றி இடம் தருகின்றார் என்று யாகூவின் சியோசிட்டீசில் குடியேறிய பக்கங்களோ, 2009-ஆம் ஆண்டு அக்தோபரில் அவ் விடம் மூடப்பட்டபோது வேரோடு பெயர்க்கப்பட்டன. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டில் மறைந்துவிட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நடுவம் 2024-இல் வெளியிட்டது. பெருமொழிகளின் பக்கங்கள் சில மறையினும் பல எஞ்சும். தமிழிலோ ஒரு பொருள் பற்றி இருந்த ஒரே பக்கமும் மறைந்துபோதல் கூடும்.

இவ் விருளில் ஒரு விளக்கும் உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. ஒருங்குறி வந்தபோது, 'முன்னரே செய்து முடித்தோம்' என்று அத் தொண்டர்கள் கைகழுவவில்லை. பழைய நூற்கோப்புகளை மீண்டும் எடுத்துப் புதுமுறைக்கு மாற்றினர். அதனாலன்றோ இன்று ஒரு சிற்றூர் மாணவனும் கைப்பேசியில் அவற்றைப் படிக்கின்றான்!

இப் பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஓலைச் சுவடி சில நூற்றாண்டில் இற்றுப்போகும். அஃது இறுமுன் எவரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையிற் படியெடுத்தார். அப் பெயரறியாப் படியாளர் இலராயின், உ.வே. சாமிநாதையருக்கும் சி.வை. தாமோதரம் பிள்ளைக்கும் பதிப்பிக்கக் கிடைத்திருப்பது என்ன? உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிலேயே, ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' என்றொரு குழு குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. அதன் பொறுப்பு 360 நாள். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படாது. ஆயிரத்தொரு நூறு ஆண்டுக்கு முன் ஏரிக்கு இருந்த காவல், இன்று ஒரு தமிழ் மன்றத்தின் தளத்துக்கு இல்லையே!

'பணம் இல்லை' என்பர். மேடைக்கும் மலர்மாலைக்கும் விருந்துக்கும் இருந்த பணம் பெயரைப் புதுப்பிக்க மட்டும் இல்லையா? 'செய்து கொடுத்தவர் பார்த்துக்கொள்வார்' என்பர். வீடு கட்டிய கொத்தனார் நாள்தோறும் வந்து வாயில் பெருக்குவாரா? பெருக்கவேண்டின், அதனை முன்னரே பேசிக் கூலியும் கொடுத்தல் வேண்டும். 'தளத்தை எவரும் பார்ப்பதில்லை' என்பர். ஐந்தாண்டுப் பழஞ்செய்தியை எவர் வந்து பார்ப்பார்? பாராமையால் பேணவில்லை என்பது பொய். பேணாமையாற் பார்க்கவில்லை என்பதே மெய்.

ஆகலின் தளம் தொடங்கும் மன்றமும் பள்ளியும் பதிப்பகமும் முதலிற் செய்யத்தக்கவை சில உள. தளப்பெயர் செய்து கொடுத்தவர் பெயரிலோ செயலாளரின் தனிப்பெயரிலோ இராது, அமைப்பின் பெயரிலேயே பதியப்பெறல் வேண்டும். கடவுச்சொற்கள் ஒருவர் நெஞ்சில் மட்டும் தங்காது, பொறுப்பு மாறும்போது கைமாறல் வேண்டும். கட்டும் செலவைக் கணக்கிடும்போதே ஐந்தாண்டுப் பேணற் செலவையும் ஒதுக்கல் வேண்டும். மென்பொருள் திருத்தங்களைத் திங்கள்தோறும் இட ஒருவர் பெயர் குறிக்கப்பெறல் வேண்டும். தளத்தின் படிகள் வெவ்வேறிடங்களில் வைக்கப்பெறல் வேண்டும். வைத்தாற் போதாது, அப் படியிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு படிப்பதுபோல் தளத்தின் நிலையும் படிக்கப்பெறல் வேண்டும். இவற்றுக்கு இசையாதவர் தளம் தொடங்காதிருத்தலே தமிழுக்குச் செய்யும் தொண்டு.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதனை எண்ணித் தமிழர் நெஞ்சம் இன்றும் கொதிக்கிறது; கொதித்தல் தகும். ஆயின் புதுப்பிக்கப்படாத ஒரு பெயரால், மாற்றப்படாத ஒரு குறியேற்றத்தால், எடுத்து வைக்கப்படாத ஒரு படியால் அழியும் தமிழ் நூல்களுக்கு யார் பொறுப்பு? அங்கே தீ வைக்கப் பகைவன் வரவில்லை. காவலுக்கு நிற்க வேண்டியவர் விழா முடிந்து வீட்டுக்குப் போய்விட்டனர்.