ஜம்பரை எங்கே மாட்டணும்?

அப்பா இந்த மாசத்தோட ரிட்டையர் ஆகறார். அப்படின்னா நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். பரண்ல ஏறி சாமான் இறக்கினப்போ மாட்டினது, 1999ல பி.எஃப். லோன் போட்டு வாங்கின எங்க முதல் கம்ப்யூட்டர். எடைக்குப் போடுன்னாங்க அம்மா. எனக்கு மனசு வரல. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துட்டு ஊரை விட்டு வந்த கதையை தாத்தா சொல்லச் சொல்ல மைக்ல பதிவு பண்ணி வச்சிருந்தேன். தாத்தா இப்போ இல்லை. அந்தக் குரல் இருக்கறது அந்த ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான்.

கழட்டி யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டினேன். டிஸ்க் சுத்தற சத்தம் கேக்குது, லேப்டாப் மட்டும் கண்டுக்கவே இல்லை.

மறந்து போனவங்களுக்கு: பழைய ஐடிஇ கேபிள் ஒண்ணுல ரெண்டு டிஸ்க் மாட்டலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ்னு சொல்றது பின்னாடி இருக்கற குட்டி ஜம்பர். அதை எந்தப் பின்ல மாட்டணும்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில டிஸ்க் தனியா இருந்தா ஜம்பரையே கழட்டிடணும். மாஸ்டர்ல விட்டா, இல்லாத ஸ்லேவைத் தேடிக்கிட்டு நிக்கும்! அதுக்கும் முந்தின டிஸ்க்னா சிலிண்டர், ஹெட், செக்டார் எண்ணிக்கையை பயாஸ்ல கையால அடிக்கணும். 1024 x 16 x 63, செக்டாருக்கு 512 பைட். பெருக்கினா 528 எம்பி. அந்தக் கால பயாஸுக்கு அதுக்கு மேல கண்ணு தெரியாது.

இதெல்லாம் டிஸ்க் மேல லேபிள்ல இருக்கும். எங்க லேபிளை பூச்சி அரிச்சிடுச்சு, மாடல் நம்பர்தான் பாக்கி. தயாரிச்ச கம்பெனியும் எப்பவோ கைமாறிடுச்சு. இந்தத் தொழில்ல அது சகஜம். கானர் 1996ல சீகேட்டோட சேர்ந்துச்சு. குவாண்டத்தோட டிஸ்க் பிரிவு 2001ல மேக்ஸ்டார் கைக்குப் போச்சு, அந்த மேக்ஸ்டாரும் 2006ல சீகேட்டுக்கே போச்சு. டிஸ்க் என்னவோ நம்ம பரண்லயே இருக்கு. அதோட கையேடு யார் பொறுப்பு?

கடைசியில இன்டர்நெட் ஆர்க்கைவ்ல முகம் தெரியாத யாரோ ஸ்கேன் பண்ணி ஏத்தின கையேடு கிடைச்சுது. பார்த்து ஜம்பரைக் கழட்டினேன். டிஸ்க் வந்துடுச்சு! "மைக்கை எங்கடா வச்சிருக்க?"ன்னு தாத்தா ஆரம்பிக்கறார். அப்பா எழுந்து வெளியே போயிட்டார்.

என் கட்சி இதுதான். இங்க சுரங்கத்துல ஓடற ஜெர்மன் பக்கெட் வீல் எந்திரத்துக்கு கையேடு இல்லாம ஒரு போல்ட்டைக் கழட்டுவாங்களா? உள்ளங்கை அளவு டிஸ்க்குன்னா மட்டும் ஏன் இந்த அலட்சியம்? ஒரு கம்பெனியை வாங்கறவங்க அதோட பழைய கையேடுகளையும் பொதுவுல வைக்கறதைக் கடமையா ஆக்கணும். அதுவரைக்கும் நாமதான் பார்த்துக்கணும். உங்க பரண்ல பழைய கையேடு ஏதாவது கிடந்தா எடைக்குப் போடாதீங்க மக்களே, ஸ்கேன் பண்ணி ஏத்துங்க. வேற யாரோட தாத்தாவோ அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம்.