சகாக்களின் நற்சான்றும் தாமஸ் ஃபிகர்ஸின் சாட்சியமும்

அமெரிக்காவில் ஒருவரை ஃபெடரல் நீதிபதியாக அதிபர் முன்மொழிந்தால் மட்டும் போதாது, செனட் அவையும் ஒப்புதல் தர வேண்டும். அதற்குமுன் செனட்டின் நீதித்துறைக் குழு அவரை நேரில் அழைத்துப் பொதுவெளியில் விசாரிக்கும். பதவி ஆயுள் முழுவதற்குமானது என்பதால் இந்த விசாரணைக்குக் கனம் அதிகம். விசாரணை நெருங்கும்போது முன்னாள் சகாக்களின் ஆதரவுக் கடிதங்கள் குழுவுக்கு வந்து குவியும். நேர்மையானவர், கூர்மையான அறிவு படைத்தவர், எல்லோரையும் மரியாதையாக நடத்துபவர் என்று ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள்.

இந்தக் கடிதங்களைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர்களிடம் அவர் உண்மையிலேயே அப்படி நடந்துகொண்டிருக்கலாம். நான் கேட்பது வேறு. அவரை இவர்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்?

இந்தக் கேள்வியின் அவசியத்தை எனக்குப் புரியவைத்தது 1986இல் நடந்த ஒரு விசாரணை. அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஃபெடரல் அரசு வழக்குரைஞராக இருந்த ஜெஃப் செஷன்ஸை மாவட்ட நீதிபதியாக அதிபர் ரொனால்ட் ரீகன் முன்மொழிந்தார். செஷன்ஸை அறிந்த சட்டத்துறையினர் பலர் அவரை ஆதரித்தார்கள். அவர்களில் ஒருவர் அப்போது அட்லாண்டாவில் அரசு வழக்குரைஞராக இருந்த லாரி தாம்சன். அவர் கறுப்பினத்தவர். செஷன்ஸிடம் இனவெறி இல்லை என்று ஒரு கறுப்பினத்தவரே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

அதே குழுவின் முன்னால் இன்னொரு கறுப்பின வழக்குரைஞரும் வந்தார். பெயர் தாமஸ் ஃபிகர்ஸ். செஷன்ஸின் அலுவலகத்தில் அவருக்குக் கீழே உதவி வழக்குரைஞராக இருந்தவர். தன்னை ‘பாய்’ என்று செஷன்ஸ் அழைத்ததாக அவர் சாட்சியம் சொன்னார். வெள்ளையர்களிடம் பேசும்போது பார்த்துப் பேசும்படி தன்னிடம் சொன்னதாகவும் கூறினார். அமெரிக்கத் தெற்கில் வளர்ந்த கறுப்பின ஆணுக்கு ‘பாய்’ என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. நமக்கும் வேண்டியதில்லை. எழுபது வயது தலித் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் ‘வாடா போடா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

1981இல் மொபைல் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயது கறுப்பின இளைஞரைக் கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பினர் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். ஃபிகர்ஸ் அந்த வழக்கில் பணியாற்றியவர். க்ளான்காரர்கள் கஞ்சா புகைப்பவர்கள் என்று தெரியும்வரை அவர்களை நல்லவர்கள் என்றே நினைத்திருந்தேன் என்று செஷன்ஸ் சொன்னது அந்த வழக்கு நடந்த காலத்தில்தான். வெறும் நகைச்சுவையாகச் சொன்னது என்று குழுவிடம் செஷன்ஸ் விளக்கம் அளித்தார். ‘பாய்’ என்று அழைக்கவே இல்லை என்று மறுத்தார்.

தாம்சன் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவரும் செஷன்ஸும் ஒரே நிலையில் இருந்த அதிகாரிகள். செஷன்ஸ் அவருக்குச் சமமான மரியாதை கொடுத்திருப்பார். ஃபிகர்ஸோ செஷன்ஸின் கையெழுத்துக்கும் தயவுக்கும் காத்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர். இருவரும் ஒரே நிறம். ஆனால் அவர்கள் நின்ற படி வேறு. ஏணிப்படியாக அமைந்த சமத்துவமின்மையில் வாழும் நமக்கு இது புதிதல்ல. ஓர் ஆதிக்கச் சாதி அதிகாரியைப் பற்றி அவருக்கு இணையான தலித் அதிகாரி சொல்லும் நற்சான்றும், அவருடைய அறையைப் பெருக்கும் தலித் ஊழியர் சொல்லக்கூடியதும் ஒன்றாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கடிதமே எழுதாதவர்களும் இருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தைய ஆண்டு, 1985இல், ஆல்பர்ட் டர்னர் உள்ளிட்ட மூன்று கறுப்பினச் செயற்பாட்டாளர்கள்மீது செஷன்ஸ் வாக்கு மோசடி வழக்குத் தொடுத்தார். டர்னர் மார்ட்டின் லூதர் கிங்குடன் இணைந்து வாக்குரிமைக்குப் போராடியவர். நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. ஆனால் அதற்குள் கிராமத்து முதிய கறுப்பின வாக்காளர்கள் பலர் விசாரணைக்காக அலைக்கழிக்கப்பட்டிருந்தார்கள். கொரெட்டா ஸ்காட் கிங் செனட் குழுவுக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதம் அவர்கள் சார்பில் பேசியது. கறுப்பின மக்கள் வாக்களிக்கவே அஞ்சும்படி செஷன்ஸ் தன் பதவியைப் பயன்படுத்தினார் என்பதே அதன் சாரம்.

குழு 10க்கு 8 என்ற கணக்கில் செஷன்ஸைப் பரிந்துரைக்க மறுத்தது. மறுத்தவர்களில் அவருடைய சொந்த மாநிலத்துச் செனட்டர் ஹோவெல் ஹெஃப்லினும் ஒருவர். கீழே இருந்து பார்த்தவரின் சொல் ஒருமுறையாவது எடுபட்டது.

சகாக்களின் சொல்லுக்கு மதிப்பே இல்லை என்பதல்ல என் வாதம். 1970இல் ஹெரால்ட் கார்ஸ்வெல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோது, அவருடன் பணியாற்றிய மூத்த நீதிபதி எல்பர்ட் டட்டில் முதலில் ஆதரவு தெரிவித்தார். வெள்ளையின மேலாதிக்கத்தை ஆதரித்து 1948இல் கார்ஸ்வெல் பேசியிருந்தார். அவரைப் பற்றிய மற்ற விவரங்களும் வெளியே வந்தபின் டட்டில் தன் ஆதரவைத் திரும்பப் பெற்றார். செனட் 51க்கு 45 என்று கார்ஸ்வெலை நிராகரித்தது. நட்பைவிட நீதிமன்றம் பெரிது என்று நினைக்கிற சகாவின் சொல்லுக்கு நான் தலைவணங்குவேன்.

இதை நாம் ஏன் பேச வேண்டும்? நீதிபதிகளை எப்படி நியமிப்பது என்று 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் விவாதித்தபோது அண்ணல் அம்பேத்கர் இந்த அமெரிக்க முறையையும் எடைபோட்டார். அரசியல் அழுத்தத்துக்கு இடமளிக்கும் என்று அதை ஏற்கவில்லை. அதே மூச்சில், தலைமை நீதிபதியின் இசைவையும் கட்டாயமாக்க மறுத்தார். தலைமை நீதிபதியும் நம்மைப் போலவே குறைகளும் சார்புகளும் உள்ள மனிதர்தான் என்று எச்சரித்தார். பின்னாளில் 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த அதிகாரத்தை நீதிபதிகளின் கையிலேயே கொடுத்தது. இன்றைய கொலீஜியம் என்பது சகாக்கள் சகாக்களுக்குத் தரும் நற்சான்றுதான். விளைவு என்ன? 2018 முதல் 2022 வரை நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் சுமார் 79 விழுக்காட்டினர் உயர்சாதியினர் என்று ஒன்றியச் சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. பட்டியல் சாதியினர் 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அமெரிக்க முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 1986இல் நிராகரிக்கப்பட்ட அதே செஷன்ஸ் 1997இல் செனட்டராகி, தன்னை நிராகரித்த அதே குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தார். 2017இல் நாட்டின் அட்டர்னி ஜெனரலாகவும் ஆனார். இந்தமுறை அவருக்கு வாக்களித்தவர்கள் செனட்டில் அவருடன் இருந்த சகாக்கள். ஃபிகர்ஸ் அப்போது உயிருடன் இல்லை.

ஆனாலும் ஃபிகர்ஸுக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் சொன்னது பதிவேட்டில் இருக்கிறது. இங்கே ஒரு மூத்த வழக்குரைஞரை நீதிபதியாக்கும்போது அவருடைய ஜூனியரையோ குமாஸ்தாவையோ, அவர் எதிர்த்து வாதாடிய ஏழைக் கட்சிக்காரரையோ யார் அழைத்துக் கேட்கிறார்கள்? சட்டம் படிக்கும் இளைய தோழர்கள் அடுத்த முறை ஓர் ஆதரவுக் கடிதத்தைப் பார்க்கும்போது, கையெழுத்திட்டவர்களின் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அலுவலகத்தில் கடைநிலையில் இருந்தவர் யார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்று தேடுங்கள். நீதிபதி நியமனத்தில் அவருக்கும் பேச இடம் வேண்டும் என்பதை நம் கோரிக்கையாக்குவோம்.